வலது கைக்குழி

மறுபடியும் அதே இடத்தில் முடிச்சு விழுந்துவிட்டது. இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதைச் சாப்பாட்டுக்கு முன்பே விட்டாயிற்று. திரையில் அக்காவின் ஜாக்கெட்டுக்கான வலது முன்பாகம் கறுப்புக் கோட்டில் நிற்கிறது. அதைச் சுற்றி வெளிப்பக்கமாக அரை இஞ்ச் தள்ளி ஒரு சிவப்புக் கோடு ஓடவேண்டும். கறுப்பில் தைப்பார்கள், சிவப்பில் வெட்டுவார்கள், நடுவில் இருப்பது தையலுக்கு விடுகிற துணி, அவ்வளவுதான் விஷயம், பதினோரு வருஷமாக ரெடிமேட் கம்பெனியில் இதைச் செய்துதான் சோறு தின்கிறேன். நான் பென்சிலால் வரைகிறவள் இல்லை. கம்ப்யூட்டருக்கு வரி வரியாக எழுதிக் கொடுப்பேன், தோள் இந்தப் புள்ளியில் தொடங்கு, கழுத்துக்கு இவ்வளவு வளை, இங்கே இறங்கு, இடுப்பில் நில் என்று, அது சொன்னபடி கோடு போடும். பிறகு ஆஃப்செட் என்று ஒரு வரி எழுதினால் போட்ட கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரே இடைவெளியில் இன்னொரு கோடு கூடவே வரும். கழுத்தில் ஒழுங்காக வருகிறது. தோளில் வருகிறது. கைக்குழியில் இறங்கி, அக்குளுக்குக் கீழே வளைவு இறுகுகிற இடத்துக்கு வந்ததும், திரும்ப இடமில்லாமல் தன்னைத்தானே தாண்டி ஒரு சுழி சுழித்துக்கொண்டு வெளியே போகிறது. சின்னதாக ஒரு கண்ணி. அங்கே கத்தரியை எந்தப் பக்கம் திருப்புவது என்று வெட்டுகிறவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். மணி இரண்டு இருபது. ஐந்து மணிக்குள் இந்தப் படத்தின் பேப்பர் போனால்தான் நாளைக்கு வெட்டித் தைத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொடுப்பேன் என்று தைத்துக் கொடுக்கிற ஜைத்தூன் அக்கா சொல்லியிருக்கிறாள். கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறதே தவிர காற்று எங்கேயோ போகிறது. உள் அறையில் அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறாள். தூங்குகிறாள் என்றுதான் நினைக்கிறேன். ஏழு மாதமாக அவள் தூங்குகிறாளா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரிந்ததில்லை.

திங்கட்கிழமை அவளுடைய லீவு முடிகிறது. கைப்பைக்குள் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறாள், விருப்ப ஓய்வு கேட்டு, தேதியை மட்டும் போடாமல். இருபத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவள் அந்தக் கடிதத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாள். "போட்டுட்டுப் போறதுக்கு ஒண்ணு ஒழுங்கா அமைஞ்சா திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போறேன். இல்லீன்னா கடுதாசியக் குடுத்துட்டு வந்தர்றேன். இனி ஒரு தடவ போட்டுப் பாத்துக் கழட்ட என்னால முடியாது கலா." அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். பாகற்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். ஒரு ஜாக்கெட்டுக்காக யாராவது வேலையை விடுவார்களா என்று அக்காவின் வீட்டுக்காரர், மாமாவே என்னிடம் போனில் கேட்டார். ஆண்பிள்ளை, சட்டையை மாட்டிக்கொண்டு பட்டனைப் போட்டால் உடம்பு மறைந்துபோகிறது, அவருக்கு என்ன சொல்லி விளங்கவைப்பது? வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி வலது கையைத் தூக்கிப் பலகையில் எழுதுகிற வேலை. சேலைத் தலைப்பு எவ்வளவு நேரம்தான் காப்பாற்றும்? ஆபரேஷன் பண்ணி மார்பை எடுத்தது அந்த வலது பக்கம்தான். கை மேலே ஏறவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சியை இந்த ஹால் சுவரில்தான் செய்தாள், விரல்களைப் பூச்சி ஊர்கிற மாதிரி நகர்த்தி நகர்த்தி, எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் ஒரு கோடு. கோடுகள் என் தலைக்கு மேலே போய்விட்டன. கை வந்துவிட்டது. போட்டுக்கொண்டு போகத்தான் ஒன்றுமில்லை. முதல் ஜாக்கெட்டில் பஞ்சு வைத்துத் தைத்தார்கள், கையைத் தூக்கினால் பஞ்சு கழுத்துக்கு ஏறியது. இரண்டாவது பஞ்சில்லாமல், அவளே சொன்னாள், இருக்கிறபடிக்கே தை என்று. அதைப் போட்டுக்கொண்டு அறைக்குள் பத்து நிமிஷம் இருந்தாள், வெளியே வந்து மடித்து மேசைமேல் வைத்தாள். "உறுத்துது." எங்கே என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் காட்டியிருப்பாள். அதனால்தான்.

வேண்டாம், கோட்டைப் பார். வளைவின் ஆரத்தைவிட ஆஃப்செட் பெரிதாகப் போனால் கண்ணி விழத்தான் செய்யும், இது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம். அரை இஞ்சைக் கால் இஞ்சாக்கிப் பார்த்தேன். கண்ணி போய்விட்டது. ஆனால் கால் இஞ்சில் காட்டன் துணி நிற்காது, நாலு தடவை கையைத் தூக்கினால் பிரிந்துவிடும். அரைக்கே வந்தேன், கண்ணியும் வந்தது. கண்ணி விழுந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஜாயின் பண்ணு என்று எழுதிப் பார்த்தேன். ஜாயின் ஒரு நல்ல பிள்ளை. இந்த முனையும் அந்த முனையும் எவ்வளவு தள்ளி இருந்தாலும் மூச்சுக் காட்டாமல் நடுவில் ஒரு நேர்கோடு இழுத்து ஒட்டிவிடும். நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்காது. இப்போதும் இழுத்திருக்கிறது, அக்குளிலிருந்து முன்பக்கமாக, விறைப்பாக ஒரு கோடு. அது அக்காவின் உடம்பில் எந்த இடத்தில் போய் உட்காரும்? தழும்பின் மேலேயா, கீழேயா, குறுக்கேயா? எனக்குத் தெரியாது. தழும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. தெரியாமல்தான் காலையிலிருந்து பைத்தியக்காரி மாதிரி எண்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வேலையில் பாதி மனுஷி போதும். பாதிக் கழுத்து, ஒரு தோள், ஒரு கைக்குழி, பாதி இடுப்பு எழுதிவிட்டு மிரர் என்று ஒரு வரி எழுதினால் மறுபாதி தானாக வந்து நிற்கும். பதினோரு வருஷமாக நான் ஒரு முழு உடம்பை எழுதியதே இல்லை. அக்காவுக்குத்தான் முதன்முதலாக அந்த மிரர் வரியை நீக்கினேன். எடுத்துவிட்டு ஒரு காப்பி குடித்தேன், பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி. இடது பக்கம் சுலபம், அவளுடைய அளவு ஜாக்கெட் இருக்கிறது. வலதுக்கு இடதிலிருந்து கழித்தேன். முன்பக்கம் இரண்டரை இஞ்ச், பக்கவாட்டில் ஒன்று, மார்புக்காக மடித்துத் தைக்கிற டாட் வேண்டாம், அக்குள் பக்கம் இன்னும் அரை. இந்த இரண்டரை எங்கிருந்து வந்தது, இந்த அரை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? அவள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கும்போது ஓரக்கண்ணால் பார்த்து வந்தவை. ஆபீசில் ஒரு பையன் இந்த மாதிரி எண்களைக் கொண்டுவந்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

ஜைத்தூன் அக்கா நேற்றுக் கேட்டாள். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, "கலா, ஆள அளந்தியாம்மா?" என்றாள். அளந்தேன் என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாக வந்தது வாயில், அளந்தேன்க்கா என்று. அவள் அதோடு விட்டாளா? "நானா இருந்தா அளவு ஜாக்கெட்ட வெச்சுத்தான் வெட்டியிருப்பேன், எங்க பொழப்பு அப்படி. ஆனா இது அந்தக் கேஸ் இல்லல்ல. நீ அளந்தா சரி." சரிதான், நான் அளந்தால் சரிதான். யாரை யார் அளந்தார்கள் இந்த ஊரில்? வயதுக்கு வந்ததிலிருந்து அம்மாவின் பழைய ஜாக்கெட், பிறகு எங்கள் பழைய ஜாக்கெட், அதை மடித்து மஞ்சள் பையில் போட்டு டெய்லர் கடையில் கொடுத்து, "இதவிடக் கொஞ்சம் லூசா" என்று சொல்லிவிட்டு வந்தோம். டெய்லர் டேப்பைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு அந்தத் துணியைத்தான் அளப்பார். ஒரு ஜாக்கெட்டிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது, இப்படியே முப்பது வருஷம், உடம்பு பாட்டுக்கு ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் அளவு எழுதுகிற என்மேலே இதுவரை ஒருத்தர் டேப் வைத்ததில்லை. அக்காவின் அளவு ஜாக்கெட் இதோ கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, மாம்பழ மஞ்சள், போன வருஷம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தைத்தது. இதற்குள் இருந்த அக்கா இப்போது இல்லை. இதை அளந்து அவளுக்குத் தைப்பது யாரோ ஒருத்தியை அளந்து இன்னொருத்திக்குத் தைப்பதுதான். இது தெரியாதா எனக்கு? தெரியும். புதன்கிழமையே தெரியும்.

அளக்கத் தெரியாதவள் என்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் பன்னிரண்டு நாள் அவள் விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கியது, முனையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் ரத்தமும் நீருமாக இறங்கும். காலையும் சாயங்காலமும் நான்தான் ஊற்றி அளந்து நோட்டில் எழுதுவேன், நாற்பது மில்லி, முப்பத்தைந்து, முப்பது. இருபதுக்குக் கீழே போனதும் குழாயை எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது பரீட்சையில் பாசான மாதிரி சந்தோஷப்பட்டேன். குழாய் எங்கே நுழைந்திருக்கிறது என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டுப் பிரித்த அன்று நர்ஸ் தட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பிரதோஷம், சஷ்டி, கரிநாள். அக்கா என்னைப் பார்த்தாளா? பார்த்திருப்பாள். டாக்டர் போகும்போது, "கூடப் பொறந்தவங்களா? நீங்களும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார், மழை வரும்போல இருக்கிறது, துணியை எடுத்துவிடுங்கள் என்கிற மாதிரி. எழுதிக்கொடுத்த சீட்டு பீரோவில் இருக்கிறது. குளிக்கும்போது சோப்பை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் அவசரமாகக் குளித்துவிட்டு வருகிறேன் ஏழு மாதமாக. பயம். அவளுக்காகப் பயம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், தங்கச்சி எப்படித் தாங்குகிறாள் பார் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்காகத்தான் பயம். அவளுடைய வலது பக்கத்தைப் பார்த்துவிட்டால் அது என்னுடைய வலது பக்கமாகவும் இருக்கும் என்று பயம். இதை வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். துப்பட்டும், எனக்கே அலுத்துப்போய்விட்டது.

மணி மூன்று ஐந்து. மேல் வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. இன்னும் அரை இஞ்ச் கழித்துப் பார்க்கலாமா? கழிக்கக் கழிக்க வளைவு இறுகுகிறது, இறுக இறுகக் கண்ணி பெரிதாகிறது. கூட்டினால் போய்விடும். ஆனால் ஏன் கூட்டவேண்டும், எடுத்துவிட்ட இடத்தில் என்ன இருக்கப் போகிறது கூட்டுவதற்கு? இருக்காது என்று யார் சொன்னது? நான் சொன்னேன். பார்க்காமல் சொன்னேன். கறுப்புக் கோடே பொய்யாக இருக்கும்போது அதற்குப் பக்கத்தில் ஓடுகிற சிவப்புக் கோட்டைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது கொடுத்ததைத்தான் செய்கிறது. மேசை டிராயரைத் திறந்தேன். டேப் இருந்தது. எடுத்துச் சுற்றினேன், பிரித்தேன், மறுபடி சுற்றினேன். போய் எழுப்பலாமா? தூங்குகிறவளை எழுப்பக்கூடாது. இதுவும் ஒரு சாக்கு. பத்து நிமிஷம் கழித்து. அதுவும் ஒரு சாக்கு. எழுந்து உள் அறைக்குப் போனேன்.

அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். கட்டிலில் ஒருக்களித்து, இடது பக்கமாக, கதவைப் பார்த்தபடி.

"முடிஞ்சுதா?"

"இல்லக்கா."

"என்ன, மிஷின் மக்கர் பண்ணுதா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்குது." டேப்பைப் பின்னால் வைத்திருந்தேன், சின்னப் பிள்ளை மாதிரி. முன்னால் கொண்டுவந்தேன். "நான் உன்னைய அளக்கவே இல்லக்கா. அளந்தேன்னு ஜைத்தூன் அக்காகிட்டப் பொய் சொல்லீட்டேன். பழைய ஜாக்கெட்ட வெச்சு, மனசுக்குத் தோணுனதக் கழிச்சு..."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஏம்புள்ள, டேப்பு எடுத்துட்டு நீ என்ற பக்கத்துலயே வரல. அது கூடவா எனக்குத் தெரியாது?" எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கும் அது சௌரியமாத்தான் இருந்துச்சு. அதான் ஒண்ணும் சொல்லல."

எங்களுக்குள் சண்டை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அவள் ஜன்னலைச் சாத்தினாள். துண்டை எடுத்துக் கட்டில் கம்பியில் போட்டாள். நைட்டியின் ஜிப்பை இறக்கி, வலது தோளை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் காலண்டர் வேண்டியிருந்தது. அந்த அறையில் காலண்டர் இல்லை.

பார்த்தேன். விலா எலும்புகள் தெரிந்தன, அவற்றின்மேல் தோல் மெலிசாக, கொஞ்சம் கறுத்து. அக்குளுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஒரு கோடு தொடங்கிச் சாய்வாக இறங்கி நடு நெஞ்சுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அதன் இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாக ஊசித் தடங்கள். தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் அக்குள் முனையில், தோலை இழுத்துச் சேர்த்து மூடியதில் மிச்சம் தள்ளிக்கொண்டு, ஒரு மடிப்பு நின்றது, விரல் தடிமனுக்கு, சதையோடு. அதன் ஓரம் சிவந்து கன்றியிருந்தது. இங்கேதான் உறுத்தியிருக்கிறது. நான் காலையிலிருந்து அரை அரையாகத் துணியைக் கழித்துக்கொண்டிருந்த இடம் இதுதான். இங்கே கூட்டியிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது, ஆனால் பயம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பிறகுதான் யோசிக்கவேண்டும். அது ஒரு உடம்பாக இருந்தது, அக்காவின் உடம்பாக, அவ்வளவுதான்.

"கைய மேல தூக்குக்கா. போர்டுல எழுதற மாதிரி."

தூக்கினாள். மடிப்பு இன்னும் புடைத்தது. டேப்பைச் சுற்றிக் கொண்டுபோய்ப் படித்தேன். இடதைவிட முக்கால் இஞ்ச் அதிகம். அதிகம்! கைக்குழி அகலமானால் வளைவு தளர்ந்துவிடும், அரை இஞ்ச் தாராளமாக உள்ளே போய்த் திரும்பும். பேப்பரில் எழுதிக்கொண்டேன். கை குளிர்ந்திருந்தது போல, தொட்டதும் அவள் தோல் சிலிர்த்தது.

"கண்ணத் தொறக்கா, ஒண்ணுமில்ல."

"வேண்டாம். நீ பாத்துச் சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"எப்புடி இருக்குதுன்னு." மூச்சை இழுத்துவிட்டாள். "நா இன்னும் பாக்கல கலா."

"ஏழு மாசமாவா?"

"மேல பாத்துட்டே குளிச்சுட்டு வந்தர்றேன். கைல தட்டுப்படும்ல, அங்கங்க. அத வெச்சு நானா ஒண்ணு நெனச்சு வெச்சிருக்கறேன்."

என்னைவிடப் பெரிய பொய்க் கணக்கு அவளிடம் இருந்திருக்கிறது, நான் பார்க்காததை அவளும் பார்க்காமல், ஒரே வீட்டில், ஒரே பாத்ரூமில், ஒருத்தி போய் வந்ததும் இன்னொருத்தி. அழகாக இருக்கிறது என்று சொன்னால் அறைவாள். டேப்பின் முனையை அக்குள் பக்கம் கோடு தொடங்குகிற இடத்தில் வைத்தேன், கோட்டின்மேலேயே, மெதுவாக, அது நிற்கிற இடம் வரைக்கும் கொண்டுபோனேன்.

"ஆறரை இஞ்ச்" என்றேன்.

மேல் வீட்டு மிக்ஸி நின்றிருந்தது.

"முதுகுக்குப் போகலியா?"

"போகல."

"கழுத்துக்கு?"

"இல்லக்கா. அக்குள்ல ஆரம்பிச்சு இங்க வந்து நிக்குது. ஒரே கோடுதான்."

"ஆறரைதானா?"

"ஆறரைதான்."

"நா பாதி ஒடம்பக் கிழிச்சு ஒட்டி வெச்சிருக்கறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். கையைத் தூக்கியபடியே நின்றாள், பலகைக்கு முன்னால் கணக்கு மறந்துபோனவள் மாதிரி. பிறகு கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தாள்.

"இன்னொருக்கா அள" என்றாள்.